கையைத் தூக்கினால் போதும்

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை செய்கிறேன். ஷிப்டு முடிந்த அசதியோடும் பல்வலியோடும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பல் டாக்டரிடம் போனேன். பல்லைக் குடையும் மெஷின் வாய்க்குள் வந்ததும் பயந்து தலையைத் திருப்பிவிட்டேன். டாக்டரம்மா சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, நாக்கு கிழிஞ்சிருக்குமே! சொல்லக்கூடாதா?"

"வாயத் தெறந்துகிட்டு எப்பிடிம்மா சொல்ல?"

"தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கே, மில்லு வேலைதானே? அந்தச் சத்தத்துல எப்பிடிச் சொல்லுவீக?"

"கையத் தூக்குவோம். மெஷின நிறுத்திருவாக."

"இங்கயும் தூக்குங்க, நிறுத்திருதேன்."

நம்பிக்கையில்லாமல், வலிக்காதபோதே ஒருமுறை தூக்கினேன். உடனே நிறுத்திவிட்டார்.

"சோதிச்சுப் பாக்கீகளோ?" என்று சிரித்தார்.

அதன்பிறகு பல்லை அடைத்து முடிக்கும்வரை என் கை மடியிலேயே கிடந்தது.

பேசக் கூச்சப்படுகிறவன் நான். ஆனாலும் இப்போது பல் டாக்டரிடம் போனால், நாற்காலியில் சாயும் முன்பே, "கையைத் தூக்கினால் நிறுத்துவீர்களா?" என்று கேட்டுவிடுகிறேன்.