எட்டாம் நம்பர் பெல்ட்

எங்கள் கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணிக்கு நெஞ்சில் கட்டும் பெல்ட்டுகள் வந்து சேர்ந்த அன்று கோச் சார் சிரித்தார். அதற்கு முன் அவர் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் அனுப்பியது. பெட்டி நிறைய ரப்பர் பட்டைகள். ஒவ்வொன்றிலும் சின்னதாக ஒரு கருவி, அதன்மேல் ஒரு நம்பர். பட்டையை ஈரப்படுத்தி ஜெர்சிக்கு உள்ளே மார்புக்குக் கீழே இறுக்கிக்கொள்ள வேண்டும். நாங்கள் ஓடுவோம். சார் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, யார் இதயம் எவ்வளவு வேகமாகத் துடிக்கிறது என்று கையிலிருக்கும் டேப்லெட்டில் பார்ப்பார். பச்சை காட்டினால் இன்னும் ஓடலாம். சிவப்பு என்றால் ஓய்வு.

“நீங்க சொல்றத இனிமே நான் கேக்கப் போறதில்ல. ஒங்க நெஞ்சு சொல்றதத்தான் கேக்கப் போறேன்” என்றார். பிறகு, “யாரும் மாத்திக் கட்டாதீங்க. ஒருத்தர் வேர்வை இன்னொருத்தருக்கு ஆகாது” என்றார்.

இதுதான் அவர் சொன்ன ஒரே காரணம். ஒவ்வொரு நம்பரையும் எங்கள் பெயரோடு டேப்பில் பதிந்து வைத்திருந்ததைச் சொல்லவில்லை. அது சொல்லாமலே புரியும் என்று நினைத்திருப்பார். எங்களுக்குச் சொன்னதே புரியாது என்பது அவருக்குத் தெரியாமலா இருந்தது?

எனக்கு ஏழு வந்தது. சுரக்குடியிலிருந்து பஸ்ஸில் வரும் என் தோழிக்கு எட்டு. மறுநாளே அவள் முகம் வாடிப்போய் வந்தாள். எட்டு, சனி பகவானுடைய எண். திருநள்ளாறு கோயிலுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள், போதாக்குறைக்கு அவளுக்கு ஏழரைச் சனி நடந்துகொண்டிருந்தது. நெஞ்சிலேயே எட்டைக் கட்டுவதா என்று அவள் அம்மா ஒரே பிடியாக நின்றுவிட்டாராம். சாரிடம் சொன்னால் மைதானம் முழுக்கக் கேட்கும்படி கிண்டல் செய்வார். அதனால் என்னிடம் வந்தாள்.

“ஒங்க மதத்துல இதெல்லாம் கெடையாதுல்ல. நீ கட்டிக்கயேன்டி.”

“குடு. ஒங்க சனி பகவானுக்குக் கோவில்பத்துல எங்க வீடு எதுன்னு தெரியாது.”

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே மாற்றிக்கொண்டோம். வேர்வை விஷயத்துக்காக இரண்டு பெல்ட்டையும் சோப்புப் போட்டுக் கழுவினோம். நாங்கள் உடை மாற்றும் அறைப் பக்கம் சார் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார், அவருக்கு எப்படித் தெரியும்? ஜெர்சி நம்பர் மாதிரிதான் இதுவும், திருப்பிக் கொடுக்கும்போது அடையாளத்துக்கு இருக்கட்டும் என்று போட்டது என்றே நினைத்தோம்.

அதற்குப் பிறகு சாருக்கு என்மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது. “எவ்வளவு ஓடினாலும் பச்சைதான். இவ நெஞ்சு கல்லு” என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் தோழியை அடிக்கடி உட்காரச் சொன்னார். என்னை இன்னும் இரண்டு சுற்று ஓடச் சொன்னார். நாங்கள் ஓடுவதைப் பார்த்துத்தான் சொல்கிறார் என்று நான் நம்பினேன். ஓடினேன். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று திடீரென்று பட்டனைத் தட்டியதுபோலப் படபடவென்று கிளம்பும், கண் இருட்டும், தொண்டை வரை துடிக்கும், பிறகு கிளம்பிய மாதிரியே சட்டென்று நிற்கும். ஓட்டம் என்றால் அப்படித்தான் என்று தொடர்ந்து ஓடினேன்.

புதுச்சேரியில் போட்டி நெருங்கிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். சார் டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடி வந்தார். என்னிடம் இல்லை. கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்த என் தோழியிடம்.

“எழுந்திரிக்காத. அப்படியே உக்காரு. நெஞ்சு வலிக்குதா?”

“இல்ல சார்.”

“பொய் சொல்லாத. இருநூறத் தாண்டிருச்சு.”

நான் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, இருட்டிய கண் தெளியட்டும் என்று குனிந்து நின்றேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

“நீ ஏன் நின்னுட்ட? ஒனக்கென்ன? ஓடு.”

ஓடினேன்.

மறுநாள் அவளை டவுனில் இதய டாக்டரம்மா ஒருவரிடம் கூட்டிப் போனோம். சார், அவள், அவள் அம்மா, துணைக்கு நான். அவள் வழியெல்லாம் என் கையை விடவில்லை. போட்டிக்குப் போக முடியாது என்பதைவிட, செத்துப் போய்விடுவோமோ என்ற பயம் அவளுக்கு. அம்மாவிடம் காட்டிக்கொள்ளாமல் என்னிடம் மட்டும் சொன்னாள். ஒன்றும் ஆகாது என்று நான் பெரிய மனுஷி மாதிரி தைரியம் சொன்னேன்.

ஈசிஜி எடுத்தார்கள். ஒரு குறையும் இல்லை. டாக்டரம்மா, சார் கொடுத்த டேப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி டேப்பைப் பார்த்தார்.

“இந்த எட்டாம் நம்பர் பெல்ட்டக் கட்டியிருக்கும்போது படபடப்பா வந்துச்சாம்மா?”

அவள் வாயைத் திறப்பதற்குள் அவள் அம்மா முந்திக்கொண்டார். மகளுக்கு வந்த ஆபத்துக்குத் தான் காரணமில்லை என்று சொல்லும் அவசரம் அவருக்கு.

“எட்டாம் நம்பரா? அது சனி நம்பராச்சுங்களே. எம்பொண்ணு அத ஒரு நாள்கூடக் கட்டுனதில்லீங்க. மொதல் நாளே மாத்திக்கச் சொல்லிட்டேன்.”

“யாருகிட்ட மாத்துனீங்க?”

என் தோழியின் கை என் கைக்குள் ஜில்லென்று ஆனது. சார் என் பக்கம் மெதுவாகத் திரும்பினார். முகத்தில் ரத்தமே இல்லை. அவள் அம்மா பெருமூச்சு விட்டு மகளை இழுத்து அணைத்துக்கொண்டார். அந்த முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் பார்த்தேன். அவர்மேல் கோபம் வரவில்லை. உம்மா அங்கே இருந்திருந்தால் உம்மா முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் உம்மா வீட்டில் எனக்கு மீன் பொரித்துக்கொண்டிருந்தார், வாப்பா துபாயில் இருந்தார், அந்த அறையில் என்னை அணைக்க ஒருவரும் இல்லை.

அவள் எழுந்த அதே கட்டிலில் என்னைப் படுக்க வைத்தார்கள். காகிதம் வெளியே வர வர டாக்டரம்மாவின் பேச்சு குறைந்தது.

“ஓடும்போது படபடன்னு வருமா?”

“வரும் மேடம்.”

“கண் இருட்டுமா?”

“இருட்டும்.”

“எத்தன நாளா?”

“சின்னப் புள்ளையிலேர்ந்து.”

“அப்ப ஏம்மா யாருகிட்டயும் சொல்லல?”

எனக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. “எல்லாருக்கும் அப்படித்தானே மேடம் வரும்?” என்று கேட்டேன்.

சார் அறையைவிட்டு வெளியே போய்விட்டார்.

இதயத்துக்குள் மின்சாரம் போக ஒரு வழி இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு இரண்டு இருந்திருக்கிறது, பிறவியிலேயே. வாப்பா லீவு போட்டு வந்தார். புதுச்சேரியில் தொடை ரத்தக்குழாய் வழியாக ஒரு வயரை விட்டு, தேவையில்லாத அந்த வழியைச் சுட்டு அடைத்தார்கள். அணி போட்டிக்குப் போனது. என் தோழி ஆடினாள். நான் வீட்டில் படுத்துக்கொண்டு போனில் பார்த்தேன்.

டாக்டர் ஓடலாம் என்று சொன்ன பிறகு ஒரு காலையில் கடற்கரைக்குப் போனேன். கூட அவள் மட்டும். முதலில் நடந்தோம், பிறகு மெல்ல ஓடினோம், பிறகு நன்றாகவே ஓடினோம். நான் படபடப்புக்காகக் காத்துக்கொண்டே ஓடினேன். இதோ வரும், இந்தத் திருப்பத்தில் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு. வரவில்லை. மூச்சு வாங்கியது, கால் வலித்தது, அவ்வளவுதான். கண் முன்னால் கடல் கடலாகவே இருந்தது.

நின்றுவிட்டேன்.

“என்னடி, ஏதாச்சும் செய்யுதா?” என்று பதறிக்கொண்டு வந்தாள்.

“ஒனக்கு எப்பவுமே இப்படித்தான் இருக்குமா?”

“எப்படி?”

“ஓடுறப்போ. இவ்வளவு லேசா.”

அவள் சற்று யோசித்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினாள். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. இத்தனை வருஷமும் இவர்கள் எல்லாரும் இப்படியா ஓடிக்கொண்டிருந்தார்கள்? மணலில் உட்கார்ந்து, அவள் தோளில் இரண்டு அடி அடித்துவிட்டு அழுதேன்.