பனிமலையில் பறக்க ஆள் பிடித்த கதை

ட்ரோன் தொழிலில் கருவி மேலே போகும், பெயர் அதை ஓட்டுகிறவருக்குப் போகும், ஏச்சு மட்டும் ஏற்பாடு செய்தவனைத் தேடி வரும்.

என் ஸ்டூடியோ திருத்தங்கலில் இருக்கிறது. கல்யாணம், கோயில் கொடை, காதுகுத்து என்று சொந்த ட்ரோனைப் பறக்கவிட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தேன். சும்மா இருக்காமல், வெளிநாட்டில் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு அந்தந்த ஊரிலேயே லைசென்ஸ் உள்ள ட்ரோன்காரர்களைப் பேசிவிடும் வேலையிலும் காலை வைத்தேன். யாருக்காவது யாரையாவது ஏற்பாடு செய்து கொடுத்து, இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் இருந்தால், கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நாம் ஒரே சாதி.

முதல் வாடிக்கையாளர் ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளி. ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். ‘வெள்ளிமலை’ என்று புதிதாக ஒரு புஸ்வாணம் போட்டிருந்தார். அதற்கு விளம்பரப் படம், ஜார்ஜியா நாட்டுப் பனிமலையில். பனிச்சரிவில் அவர் காலிப் புஸ்வாணப் பெட்டியோடு நிற்க, காமிரா அவர் காலடியிலிருந்து மலை உச்சி வரைக்கும் எழும்ப வேண்டும். தீப்பொறியை எல்லாம் பிறகு கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொள்ளலாம். “அந்த ஒரு ஷாட்டு நல்லா வந்தா, இனிமே கம்பெனி விளம்பரம் பூரா ஒனக்குத்தாம்லே முருகேசா” என்றார். வராவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. என் மனைவி சொன்னாள். ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு, அவள் அண்ணன் அச்சாபீசில் காலண்டருக்குத் தகரம் அடிக்கப் போக வேண்டியதுதானாம்.

கையைக் காட்டச் சொல்லு

ஜார்ஜியாவில் இந்த மாதிரிப் படப்பிடிப்புக்கு லைசென்ஸ் உள்ளவர்தான் ட்ரோன் ஓட்ட முடியும். மூன்று பேரைத் தேடிப் பிடித்து, அண்ணாச்சியின் ஆபீசில் உட்கார்ந்து வீடியோ அழைப்பில் பேசினோம். முதல் ஆள் தான் எடுத்த படங்களை வரிசையாக ஓட்டிக் காட்டினார். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி கொட்டாவி விட்டார். “படம் கெடக்கட்டும்லே. கையைக் காட்டச் சொல்லு” என்றார்.

எங்கள் பக்கம் பட்டாசு மருந்து கலக்குகிறவரை வேலைக்கு எடுக்கும்போது முதலில் விரல்களைத்தான் பார்ப்பார்கள். பத்தும் இருந்தால் நிதானமான ஆள் என்று அர்த்தம். இதை நான் என் ஆங்கிலத்தில் எப்படி விளக்குவது? முதல் ஆள் கைரேகை பார்க்கிறோம் என்று நினைத்து, தனக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று கேட்டார். இரண்டாவது ஆள் அழைப்பையே துண்டித்துவிட்டார். மூன்றாவது நினோ என்கிற பெண். காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, இரண்டு கைகளையும் காமிராவுக்கு நேராக விரித்தார். “பத்தும் இருக்கிறது. இப்போது உங்கள் முதலாளியின் கையைக் காட்டச் சொல்லுங்கள்” என்றார்.

அண்ணாச்சியின் இடது கையில் இரண்டு விரல் கிடையாது. அந்தக் கையை எப்போதும் சட்டைப் பையிலோ துண்டுக்குள்ளோதான் வைத்திருப்பார்; யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. அவர் கையை வெளியே எடுத்துக் காட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இந்தப் பொண்ணையே பேசி முடிச்சிருலே.”

லைசென்ஸை மட்டும் அனுப்புங்கள்

ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. திருத்தங்கலில் என் அளவுக்கு ட்ரோன் ஓட்ட ஆள் இல்லை என்பது என் அபிப்பிராயம். வேறு யாரும் இதுவரை அப்படிச் சொன்னதில்லை. இவ்வளவு தூரம் போய், இன்னொருவர் ஓட்டுவதை நான் வேடிக்கை பார்ப்பதா?

எங்கள் வட்டாரத்தில் பட்டாசு ஆலை லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும். உள்ளே வேலை நடத்துகிறவர் இன்னொருவராக இருப்பார். பேப்பர் படிக்கிறவர்களுக்கு இது ஒன்றும் புதுச் செய்தி இல்லை. அதே வழக்கம் உலகம் முழுக்க இருக்கும் என்று நம்பி நினோவுக்கு மரியாதையாக எழுதினேன். நீங்கள் சிரமப்பட்டு மலை ஏற வேண்டாம், லைசென்ஸை மட்டும் வாடகைக்குக் கொடுத்தால் போதும், ஓட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. அரை மணி நேரத்தில் பதில் வந்தது.

“உங்கள் ஊரில் ஆபரேஷன் என்றால் டாக்டரை வீட்டில் விட்டுவிட்டு, அவருடைய சர்டிபிகேட்டை மட்டும்தான் அழைத்து வருவீர்களா?”

மெஷினுக்கு மூக்கு உண்டு

விமான நிலையத்தில் என் காமிராப் பையை ஒரு துணியால் துடைத்து மெஷினில் வைத்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி துடைத்தார்கள், மறுபடி எரிந்தது. அந்தப் பையோடு நான் எத்தனையோ பட்டாசு ஆலைக்குள் போய்ப் படம் எடுத்திருக்கிறேன். மருந்துத் தூள் அதன் தையலெல்லாம் ஏறியிருக்கும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சிவகாசிப் பக்கம் என்று சொன்னதும் அதிகாரி முகத்தில் ‘அதானே பார்த்தேன்’ என்று எழுதியிருந்தது. ஆனாலும் பையைத் தலைகீழாகக் கொட்டச் சொன்னார்.

கொட்டியதில், ஸ்வெட்டருக்குள் சுருட்டி வைத்திருந்த என் சொந்த ட்ரோனும் வந்து விழுந்தது. நினோவிடம் சூடு வாங்கியும் எனக்குப் புத்தி வரவில்லை. “இது எதுக்குலே?” என்றார் அண்ணாச்சி. ஆத்திர அவசரத்துக்கு உதவும் என்று முனகினேன். ஒருவழியாக எங்களை விட்டார்கள். நான் கொட்டிய சாமான்களைப் பொறுக்கிப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சிக்கோ ஒரே பெருமை.

“மெசினு மோந்து பாத்தே நம்ம சரக்கக் கண்டுபிடிச்சிருச்சு பாத்தியாலே. தரம்னா அது.”

நசுங்காத எலுமிச்சை

மலைக்குப் போன முதல் நாள், அண்ணாச்சி ராத்திரி முழுக்க வண்டியிலேயே கிடந்த பையிலிருந்து நாலு எலுமிச்சம்பழத்தை எடுத்தார். புது வண்டி என்றால் சக்கரத்துக்கு அடியில் வைத்து ஏற்றலாம். ட்ரோனுக்குச் சக்கரம் ஏது? நான்தான் மூளையைச் செலவழித்து நாலு காலுக்கும் அடியில் ஒவ்வொன்றாக வைத்தேன். நினோ வந்து பார்த்தார். கருவி ஆடாமல் நின்றால்தான் கிளம்பும் என்று சொல்லிவிட்டுப் பழங்களை எடுத்து ஓரமாக வைத்தார். சோதித்துப் பார்ப்பதற்காக ட்ரோனைக் கொஞ்ச உயரத்துக்கு ஏற்றினார்.

“நசுக்காம எப்படிலே திருஷ்டி கழியும்? நீ மிதிச்சு விடு” என்றார் அண்ணாச்சி. குளிரில் பழம் கல்லாகிப் போயிருந்தது எனக்குத் தெரியாது. ஓங்கி மிதித்தேன். பழம் நசுங்கவில்லை, உருண்டது. அதோடு நானும் உருண்டேன். சரிவில் பாதி தூரம் போய், ஒரு பனிக்குவியலில் தலையைக் கொடுத்து நின்றேன். தலைக்கு மேலே ட்ரோன் ரீங்காரம் செய்துகொண்டிருந்தது. நான் தவழ்ந்து மேலே ஏறி வருவதற்குள் மேகம் இறங்கி மலையை மூடிவிட்டது. அன்றைக்கு ஷாட் இல்லை.

“போகட்டும். நீ விழுந்துட்டல்ல, திருஷ்டி அதோட கழிஞ்சிருச்சு.”

இன்னும் அஞ்சு நிமிசம்

அடுத்து வந்த நாட்களிலும் மேகம் விலகவில்லை. கடைசி நாள் வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. அண்ணாச்சி பெட்டியோடு தயாராக நின்றார். நினோ கையடக்கக் கருவி ஒன்றைத் தூக்கிப் பிடித்துக் காற்றை அளந்தார். முடியாது என்றார். கீழே காற்று சுமாராகத் தெரிந்தாலும் உச்சியில் அதிகம். கீழ்ச் சரிவில் பனிச்சறுக்குக்கு வந்த குடும்பங்கள், பிள்ளைகள். ட்ரோன் விழுந்தால் அவர்கள் தலையில்தான் விழும்.

நான் கெஞ்சினேன். அஞ்சே நிமிசம், ஒரே ஷாட் என்றேன். என் கண்ணில் காலண்டர் தகரம் மட்டும்தான் தெரிந்தது. நினோ பேட்டரியைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். நான் குனிந்து என் பையின் ஜிப்பைத் திறந்தேன். ட்ரோனில் கை வைத்தபோது, அண்ணாச்சியின் இடது கை வந்து என் கை மேல் விழுந்தது. அந்தக் கையை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை.

“பைய மூடுலே. ஒரு நா எங்க போர்மேன், மானம் இருட்டிருச்சு, மின்னல் விழுந்தா மருந்து பத்திக்கும், எல்லாரும் வெளிய வந்துருங்கன்னு சொன்னாரு. சீசன் நேரம். லோடு போகணும். இன்னும் அஞ்சு நிமிசம்னு கேட்டது நாந்தாம்லே. எனக்கு வெரலோட போச்சு. அவருக்கு அப்படி இல்ல.”

கொஞ்சம் உசரத்துல இருந்து

ஷாட் இல்லாமலே ஊர் திரும்பினோம். நான் என் அச்சாபீஸ் மச்சானுக்குப் போன் போடுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நினோ எடுத்தது எல்லாவற்றையும் அனுப்பியிருந்தார். எடுத்தது என்று பார்த்தால் முதல் நாள் சோதனை மட்டும்தான்: வெள்ளைச் சரிவில் ஒரு ஆள் எலுமிச்சம்பழத்தை மிதிப்பதும், உருள்வதும், பனியில் தலையைக் கொடுப்பதும், துல்லியமாக, மேலேயிருந்து. அண்ணாச்சி கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் தலையைக் கொடுத்த இடத்திலிருந்து புஸ்வாணம் சீறுவது போல் கம்ப்யூட்டரில் சேர்க்கச் சொன்னார். விளம்பரம் அதுதான். கம்பெனி வேலையும் எனக்கே வந்தது, ஒரே ஒரு நிபந்தனையோடு. பறக்கலாமா கூடாதா என்பதை லைசென்ஸ் உள்ளவர் சொல்வார், நான் வாயைத் திறக்கக் கூடாது.

இப்போது திருத்தங்கல் டீக்கடையில் நான் நுழைந்தாலே யாராவது காலைத் தூக்கி மிதித்துக் காட்டுகிறார்கள். போன வாரம் தாயில்பட்டிப் பக்கத்திலிருந்து இன்னொரு கம்பெனிக்காரர் ஸ்டூடியோவைத் தேடி வந்தார். மலை வேண்டும், ட்ரோன் வேண்டும், லைசென்ஸ் உள்ள ஆள் வேண்டும் என்று எல்லாம் பேசிவிட்டு, கிளம்பும்போது வாசலில் நின்றார்.

“அண்ணாச்சிக்குச் செஞ்ச மாதிரியே செஞ்சிருங்க தம்பி. ஆனா எங்களுக்குக் கொஞ்சம் உசரத்துல இருந்து விழுந்துருங்க.”

ஆக, லைசென்ஸ் உள்ளவர்களை ஊர் ஊராகத் தேடிப் பிடித்து மேலே பறக்கவிடுகிற இந்தத் தொழிலில், எந்த லைசென்ஸும் இல்லாமல் செய்ய எனக்கு மிச்சமிருக்கும் ஒரே வேலை கீழே விழுவதுதான்.