அவர் குளிக்கிறாருங்க

கரண்ட் மீட்டர்காரருக்கு ஒரு பழக்கம். வீட்டுக்குள் நுழைந்தால் ஆளைப் பார்க்க மாட்டார், மீட்டரைத்தான் பார்ப்பார். எண்ணை உரக்கப் படிப்பார். அப்போதுதான் எழுதும்போது தப்பாதாம். இருபத்தாறு வருஷ வேலையில் ஓர் எண்கூடப் பிசகியதில்லை.

பிசகியது தம்பி விஷயத்தில். அம்மாவின் வளையல் காணாமல் போனபோது, நீதான் எடுத்தாய் என்று அவனை நடுத்தெருவில் வைத்து அறைந்துவிட்டார். அன்றே தம்பி வீட்டை விட்டுப் போனான். மறு மாதம் ஒட்டடை அடிக்கையில் அலமாரிக்குப் பின்னால் வளையல் அகப்பட்டது. "நீ எடுக்கலடா" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தைச் சுமந்துகொண்டு இருபது வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடினார் பாவி மனுஷன்.

பச்சைக் கதவு வீட்டுக்கு ஆறு வருஷமாகப் போகிறார், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, பத்தாம் தேதி. வாடகை வீடு, பட்டியலில் இருப்பது வீட்டுச் சொந்தக்காரர் பெயர். மீட்டர் உள்ளே, குளியலறைக்குப் பக்கத்துச் சுவரில். வீட்டம்மாள் கதவைத் திறப்பாள். உள்ளே குழாய் கொட்டும். "அவர் குளிக்கிறாருங்க" என்பாள், கேட்காமலே. நல்ல சுத்தக்காரர் போல என்று இவர் நினைத்துக்கொள்வார்.

ஒருமுறை பத்தாம் தேதி விடுமுறையானதால் ஒன்பதாம் தேதியே போனார். கதவைத் திறந்தது தம்பி. தலை நரைத்திருந்தது, புருவத் தழும்பு அப்படியே இருந்தது. தேடிய மூலிகை காலில் சிக்கியேவிட்டது. தம்பி ஒதுங்கி நின்று சுவரைக் காட்டினான். இவர் அந்தப் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். வந்தது பழக்கம்.

"நாலாயிரத்து முன்னூத்திப் பன்னெண்டு."

தம்பி குளியலறைக்குள் போய்த் தாழிட்டான். குழாய் கொட்டத் தொடங்கியது. சமையலறையிலிருந்து ஓடிவந்த வீட்டம்மாள் தரையைப் பார்த்தபடி சொன்னாள், "அவர் குளிக்கிறாருங்க."

ஆறு வருஷமும் அவன் அங்கேதான் ஒளிந்திருக்கிறான். அன்றிலிருந்து தன் வீட்டில் யார் குழாயைத் திறந்தாலும் இவர் சாப்பாட்டை விட்டு எழுந்துவிடுவார். "பேய் கீய் புடிச்சிருக்கா உங்களுக்கு?" என்றாள் மனைவி. பிடித்துத்தான் இருந்தது.

அடுத்த முறை போனபோது மீட்டர் வெளிச்சுவரில் இருந்தது. சிமென்ட் இன்னும் காயவில்லை. இனி அந்தக் கதவை யாரும் இவருக்காகத் திறக்க வேண்டியதில்லை. உள்ளே குழாய் கொட்டிக்கொண்டிருந்தது.

எண்ணைப் படித்தார். பிறகு அதே குரலில், "வளையல் கெடச்சிடுச்சு. நீ எடுக்கலடா" என்றார்.

குழாய் நின்றது.

சுவரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். தாழ் விலகும் சத்தம் கேட்குமா என்று மூச்சைக்கூட அடக்கினார். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "சார், நம்ம வீட்டையும் பாத்துடுங்க" என்றார்.

"இதோ வரேங்க" என்று இவர் சொன்னபோது, குழாய் மறுபடி கொட்டத் தொடங்கியிருந்தது.