ஜல்லிக்குப் போகாத கல்

அறுபதுகளின் நடுவில் ஊராட்சி ஒன்றியத்தில் எனக்கு ரோடு ஓவர்சியர் வேலை. குன்னத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பழைய சிவன் கோவில் இருந்தது. மெயின் ரோட்டிலிருந்து அங்கே போக இரண்டு மைல் வண்டித்தடம்தான். ரோடு வந்தால் பஸ் வரும், பஸ் வந்தால் திருப்பூர் பனியன் கம்பெனி ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை கோவில் பார்க்க வருவார்கள் என்று ஊர்த்தலைவர் ஆபீசுக்கு நடையாய் நடந்து அனுமதி வாங்கியிருந்தார்.

பாதி வேலையில் ஜல்லி தீர்ந்துபோனது. கோவிலுக்கு மேற்கே இடிந்த மண்டபத்துக் கற்கள் முள்ளுக்குள் கிடந்தன. அவற்றை உடைத்துப் போடச் சொன்னது நான்தான். வேலை முடிந்தால் போதும் என்றிருந்த வயசு.

ஜல்லி உடைக்கிறவர்களில் நாற்பது வயது அக்கா ஒருவர் இருந்தார். ஆண்களை விட அவர் கை வேகம். ஒரு மத்தியானம் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

“ஏனுங்கக்கா, கல்லு தீந்துபோச்சுங்களா?”

“கல்லு இருக்குதுங்க. இதுல எழுத்து இருக்குது. நான் ஒடைக்க மாட்டனுங்க.”

“என்ன எழுதியிருக்குது?”

“எனக்கெங்கீங்க படிக்கத் தெரியும்? நீங்கதான படிச்சவங்க, பாத்துச் சொல்லுங்க.”

குனிந்து பார்த்தேன். தமிழ் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. ஒரு வரிகூட ஓடவில்லை. தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

அக்கா சிரித்துவிட்டார். “ரெண்டு பேருக்கும் தெரியாததை எப்படீங்க ஒடைக்கிறது?”

அன்று சாயங்காலமே சைக்கிளை மிதித்துத் திருப்பூர் போய், எனக்குத் தெரிந்த சரித்திர வாத்தியாரிடம் சொன்னேன். மறுநாள் அவர் காகிதமும் மையும் பிரஷ்ஷுமாக வந்து இறங்கினார். கல்லைக் கழுவி, ஈரக் காகிதத்தை ஒட்டித் தட்டித் தட்டி மை பூசினார். கறுப்பில் வெள்ளையாக எழுத்துகள் எழும்பி வந்தபோது வேலையாட்கள் எல்லோரும் வட்டமாகக் கூடிவிட்டார்கள்.

வாத்தியார் திக்கித் திக்கிப் படித்தார். இந்தப் பெருவழியில் போகிறவர்களுக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு பெண் தன் நிலத்தில் ஒரு பங்கை எழுதி வைத்திருக்கிறாள்.

“பொம்பளையாளுங்களா!” என்று அக்கா கத்தியே விட்டார். எனக்கோ வேறு யோசனை. இந்த ஊருக்கு முதல் ரோடு போடுகிறவன் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே!

மண்டபத்துக் கற்களைத் தொடக்கூடாது என்று நிறுத்தினேன். குவாரியிலிருந்து ஜல்லி வரத் தாமதமானது. இன்ஜினீயர் திட்டினார். திட்டிவிட்டு நேரில் வந்து கல்லைப் பார்த்தவர், அதைக் கோவில் வாசலில் நிறுத்த அவரே இடம் காட்டினார். கல்லை மரச்சட்டத்தில் கட்டி, ரோடு ரோலரால் மெல்ல இழுத்துப் போனோம். யாரும் சொல்லாமலே முன்னால் மேளக்காரர்கள் வந்து நின்றார்கள். தேர் இழுக்கிற மாதிரி ஊரே கூட நடந்தது.

ரோடு முடிந்து வந்த முதல் பஸ்ஸில் பனியன் கம்பெனி ஆட்கள் குடும்பத்தோடு தூக்குப்போசியில் சோறு கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். கல்வெட்டை விளக்க வருவதாகச் சொன்ன வாத்தியார் காய்ச்சலில் படுத்துவிட்டார். எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. அக்காதான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். வாத்தியார் படித்தது அத்தனையும் அவருக்கு மனப்பாடம். கொஞ்சம் கூடவே சொன்னார்.

வந்தவர்களில் ஒரு பாய், கட்டிங் மாஸ்டர், கேட்டார். “அந்தத் தண்ணிப் பந்தல் எங்கீங்க இருந்துச்சு?”

“அதோ, அந்தப் புளியமரத்துக்கிட்டத்தானுங்க,” என்றார் அக்கா, கண்ணை இமைக்காமல். யாருக்குத் தெரியும்! எல்லோரும் மரத்தடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து சோற்றைப் பிரித்தார்கள். அக்காவுக்கும் எனக்கும் ஆளுக்கொரு இலை கிடைத்தது.

அதன் பிறகு ஞாயிறுதோறும் இரண்டு நடை பஸ் வந்தது. அக்கா ஜல்லி உடைப்பதை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலைக்கு வரமாட்டார். ஏன் என்று கேட்டதற்கு, “ஊருக்கு ஆளுக வர்றப்ப ஆராச்சும் இருந்து வாங்கன்னு கூப்பிட வேண்டாமுங்களா?” என்றார்.