அக்கா கொடுத்த சர்டிபிகேட்

அலுவலகத்தில் அவருக்குக் கலர் மாமா என்று பெயர். கடைகளும் கம்பெனிகளும் வாடிக்கையாளர்களுக்கு அனுப்புகிற விளம்பர மெயில்களை வடிவமைப்பது அவர் வேலை. நீலம் என்று யாராவது சொல்லிவிட்டால், எந்த நீலம் என்று கேட்டுக் கேட்டே எதிராளியின் சாப்பாட்டை ஆறவைத்துவிடுவார். அவர் கம்ப்யூட்டர் திரை எப்போதும் பளீரென்று எரியும். பக்கத்து மேஜைக்காரர்கள் ஒவ்வொருவராக டார்க் மோடுக்கு மாறி, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாகப் படிக்க ஆரம்பித்தபோது, வீட்டில் பல்பு ஃப்யூஸ் போய்விட்டதா என்று கிண்டல் செய்தார். அந்தக் கறுப்பில் தன்னுடைய மெயில் எப்படித் தெரியும் என்று ஒரு தரமாவது திறந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. சோம்பல் என்று சொல்லித் தப்பிக்க முடியாது, சுத்தமான திமிர்தான்.

மெயில் தயாரானதும் முதல் காப்பி அக்காவுக்குப் போகும். அக்கா நாலு தெரு தள்ளி இருந்தாள். வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுத் துணி தைப்பவள். நூலையும் துணியையும் சேர்த்துப் பார்த்துப் பழகிய கண் என்பதால் நிற விஷயத்தில் தம்பிக்கு அவள்மேல்தான் நம்பிக்கை. கொஞ்ச நேரத்தில் "ரொம்ப நல்லா இருக்குடா" என்று பதில் வரும். அது வந்த பிறகுதான் மெயில் ஊருக்குப் போகும். குழுவின் தலைவி அவரைவிட வயதில் சின்னவள். அவள்தான் இதற்கு அக்கா சர்டிபிகேட் என்று பெயர் வைத்தாள்.

ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அவர் செய்த மெயிலில் வந்தது வினை. மேலே கடையின் பெயர், நடுவில் ஒரு ரகசியச் சொல். அந்தச் சொல்லைக் கடையில் போய்ச் சொன்னால் இலவசமாகக் கண் பரிசோதனை செய்வார்கள். இரண்டையும் கருநீல எழுத்தில், பின்னணி இல்லாத படமாகப் போட்டிருந்தார். வெள்ளையில் அத்தனை அழகு. மெயில் போன அன்றே ஜனங்கள் கடைக்கு போன் போட்டு, என்ன சொல்லைச் சொல்ல வேண்டும், மெயிலில் ஒன்றுமே இல்லையே என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கடைக்காரர் தலைவியைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார்.

தலைவி தன் போனைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். டார்க் மோடு வெள்ளைப் பின்னணியைக் கறுப்பாக்கியிருந்தது. படத்தில் இருந்த கருநீலத்தை அது தொடவில்லை. கருநீலம் கறுப்போடு கறுப்பாகப் போய்விட்டது. "கீழே உள்ள சொல்லைக் கடையில் சொல்லுங்கள்" என்ற வரி மட்டும் வெள்ளையாக நிற்க, அதற்குக் கீழே வெறும் இருட்டு.

மனுஷன் அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அது அவங்க போன் கோளாறு. எங்க அக்கா பார்த்துட்டு நல்லா இருக்குன்னு சொல்லிட்டா" என்றார்.

"உங்க அக்கா போன் வெள்ளையா, கறுப்பா?" என்று தலைவி கேட்டாள்.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு வெளிச்சம் பட்டால் அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டும். அதற்காக அவள் போனை டார்க் மோடில் போட்டுக் கொடுத்ததே இவர்தான். கொடுத்த கையோடு மறந்தும் போனார். அப்படியென்றால் இத்தனை நாளாக அவள் எதைப் பார்த்து நல்லா இருக்கு என்றாள்?

அப்போதுதான் முன்பு அக்காவிடமிருந்து வந்த ஒரு போன் ஞாபகம் வந்தது. மெயிலில் மேலே ஏதாவது எழுதியிருக்கிறதா என்று அவள் தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தாள். இவர் அலுவலகமே கேட்கிற மாதிரி, "கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுட்டுப் பாருக்கா. ஊருக்கே தெரியுது, உனக்கு மட்டும் தெரியலையா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்டதில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு. சாயங்காலம் நேராக அக்கா வீட்டுக்குப் போனார்.

அக்காவின் கணவர் கதவைத் திறந்தார். முன்னறையில் மெஷினைப் பழைய போர்வையால் மூடிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. நாளைக்கு ஒரு அம்மா வந்து எடுத்துக்கொண்டு போகப் போகிறார் என்று கணவர் சொன்னார். அக்கா இனிமேல் தைக்கப் போவதில்லை என்கிறாளாம், காரணம் கேட்டால் பேச்சை மாற்றுகிறாளாம். கண் டாக்டரிடம் போகலாம் என்று கூப்பிட்டாலும் வர மாட்டேன் என்கிறாளாம்.

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். அந்தக் கண்ணாடிக் கடை மெயிலில் அவளுக்கு என்ன தெரிந்தது என்று தம்பி கேட்டார். நல்லாத்தான் இருந்தது என்று வழக்கம்போல ஆரம்பித்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒண்ணும் தெரியலடா. கொஞ்ச நாளா நீ அனுப்புறதுல பாதி தெரியறதில்ல. ஊருக்கே தெரியுதுன்னு நீ சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு, கண்ணுல கலர் போகுதுன்னு. கருநீல நூலும் கறுப்பு நூலும் ஒண்ணா தெரிஞ்சா அப்புறம் நான் எப்படித் தைக்கறது? யாரோட துணியையாவது பாழாக்கிட்டா? போறப்ப மரியாதையா போயிடலாம்னு பார்த்தேன்."

போன் கோளாறு என்று சொல்லிவிட வாய் வரை வந்தது. சொன்னால் அக்கா நம்பியும் இருப்பாள். மெஷினைச் சுற்றியிருந்த கயிறு கண்ணில் பட்டது. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"உன் கண்ணுல ஒரு கோளாறும் இல்லக்கா. நான்தான் தப்பா செஞ்சிருக்கேன். கறுப்புத் திரையில ஒரு தடவைகூட பார்க்காம அனுப்பிட்டேன். உன்னைக் கேலி வேற பண்ணினேன்" என்று சொல்லிவிட்டு, நூல் டப்பாவிலிருந்து இரண்டு கண்டுகளை எடுத்து நீட்டினார். எது கறுப்பு, எது கருநீலம் என்று அவள் தயங்காமல் சொன்னாள். சொல்லிவிட்டு மறுபடியும் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் அவளுடைய போனை வெள்ளைக்கு மாற்றினார். கடையின் பெயரும் ரகசியச் சொல்லும் வந்து நின்றன.

ஒருமுறையாவது தன்னைத் திட்டிக் கேட்டிருக்கக் கூடாதா, மெயில் தப்பாக இருக்கிறது என்று சொல்லியிருக்கக் கூடாதா என்றார் அவர்.

"நீ செஞ்சது தப்பா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லடா" என்றாள் அக்கா.

அவளாவது நாலு திட்டு திட்டியிருந்தால் அவர் பிழைத்துப் போயிருப்பார். அவள் கணவரைப் பார்த்து, அந்த அம்மாவிடம் மெஷினைக் கொடுப்பதாக இல்லை என்று சொல்லிவிடச் சொன்னாள். கணவர் கயிற்றை அவிழ்க்கப் போனார். அக்கா போனைக் கீழே வைக்கவில்லை. பழைய மெயில்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். வெளிச்சத்தில் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. போதும் என்று தம்பி போனை வாங்கப் போனார், அவள் கொடுக்கவில்லை.

"இருடா, இதையெல்லாம் பார்க்காமலே நல்லா இருக்குன்னு பொய் சொல்லிட்டேன். இப்பவாவது பார்த்துட்டுச் சொல்றேன்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு அடுத்ததைத் திறந்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.