லூப்லைன் திரும்ப மேடை ஏறணும்னு கேட்டுக்கிட்டே இருந்தவர்

கன்னியப்பன் அண்ணன் இன்னிக்குக் காலையில போயிட்டாரு. மாரடைப்பு. ரவி போன் பண்ணிச் சொன்னான்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருந்தாரே, அவர்தான். உங்கள்ல பல பேருக்கு அவர் ஜெராக்ஸ் கடைக்காரர். எனக்கு, எங்க பேண்டோட ஒரே ரசிகர். மிகைப்படுத்தலைங்க, எண்ணிப் பார்த்திருக்கோம்.

தெரியாதவங்களுக்காக... 93-ல காலேஜ்ல படிக்கும்போது நாங்க மூணு பேர் சேர்ந்து ஒரு ராக் பேண்ட் ஆரம்பிச்சோம். பேர் லூப்லைன். வின்சென்ட் பாட்டும் கிட்டாரும், ரவி பேஸ் கிட்டார், நான் டிரம்ஸ்.

சினிமா பாட்டு கிடையாது, எல்லாம் சொந்தப் பாட்டு. விழுப்புரம், திண்டிவனத்துல இதை யாரு கேக்கப் போறாங்கன்னு நாங்க யோசிக்கவே இல்லை. வயசு அப்படி.

முதல் நிகழ்ச்சி மயிலம் பக்கத்துல, அண்ணனோட ஊர் ஆடித் திருவிழா. ரெண்டாவது பாட்டுலயே கூட்டம் கலைஞ்சிடுச்சு. மல்லாட்டை, அதாங்க வேர்க்கடலை, விக்கிறவர் கூட வண்டியைத் தள்ளிக்கிட்டு வேற பக்கம் போயிட்டார்.

ஒருத்தர் மட்டும் சேரை முன்னாடி இழுத்துப் போட்டு, டேப் ரிக்கார்டரைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். முடிஞ்சதும் மேடைக்கு வந்து, "இன்னா தம்பி, அதுக்குள்ள நிறுத்திட்டீங்க? சவுண்டு சும்மா நெஞ்சுல வந்து குத்துதுபா"ன்னார்.

அந்த கேசட் அவர் கடையில ஓடிக்கிட்டே இருக்கும். கம்யூனிட்டி சர்டிபிகேட் ஜெராக்ஸ் எடுக்க வந்தவங்க எல்லாம் தலைவிதியேன்னு எங்க பாட்டைக் கேட்டுட்டுப் போனாங்க.

98-ல பேண்ட் உடைஞ்சது. ஒரு நிகழ்ச்சியில கூட்டம் சினிமா பாட்டு கேட்டுச்சு, வின்சென்ட் பாட ஆரம்பிச்சான். பாதிப் பாட்டுல ஸ்டிக்கை வீசிட்டு மேடையை விட்டு இறங்கிட்டேன். ஆமா, நான்தான்... இத்தனை வருஷமா எல்லார்கிட்டயும் வேற கதை சொல்லிக்கிட்டு இருந்தேன்.

வின்சென்ட் சென்னைக்குப் போயிட்டான். அதுக்கப்புறம் பேச்சுவார்த்தை இல்லை.

அண்ணன் விடலை. அவங்க ஊர்த் திருவிழா நோட்டீஸை டைப் பண்ணிக் கொடுக்கிறது அவர்தான். வருஷா வருஷம் ஏழாம் நாள் நிகழ்ச்சியில, யாரையும் கேக்காம, "லூப்லைன் குழுவினர் மீண்டும் இணைந்து வழங்கும் இசை நிகழ்ச்சி"ன்னு ஒரு வரியைச் சொருகிடுவார்.

விழாக்குழுத் தலைவர் கடைக்கே வந்து சத்தம் போட்டாராம். "யோவ், வராதவனுங்க பேர ஏன்யா வருசா வருசம் போட்டுக்கினு இருக்க?"

"அம்மன் நோட்டீஸ்ல பேர் ஏறிட்டா வந்துதான ஆவணும்? எவன் வராம போறான், நானும் பாத்துர்றேன்"னாராம் அண்ணன்.

சும்மா சொல்லலை, மனசார நம்பினார். அதுதான் பேஜாரு.

ஒரு வருஷம் ரவியும் நம்பிட்டான். விழுப்புரத்துல ஒரு டீக்கடை சுவத்துல அந்த நோட்டீஸைப் பார்த்திருக்கான். நானும் வின்சென்ட்டும் சமாதானம் ஆயிட்டோம், தனக்குத்தான் சொல்ல மறந்துட்டோம்னு நினைச்சு, அரை நாள் லீவு போட்டுட்டு பேஸ் கிட்டாரோட பஸ் ஏறிட்டான்.

மேடையில அவன் மட்டும். வந்ததுக்கு நாலு பாட்டு, வெறும் பேஸ்ல வாசிச்சிருக்கான். கீழே அண்ணன் எழுந்து நின்னு பாட்டையும் பாடி, என் டிரம்ஸை வாயாலயே போட்டாராம். ஊரே சிரிச்சிருக்கு. மறுநாள் எனக்கு போன் பண்ணி, "மூணுல ஒன்னு வந்துட்ச்சி தம்பி, இன்னும் ரெண்டுதான்"னார்.

நானும் அந்த நோட்டீஸைப் பார்த்தேன். போகலை.

போன மாசம் கடைக்குப் போனப்ப கூட கேட்டார். "வின்சென்ட்டுக்கு ஒரு போன் போட்றதுக்கு இன்னா தம்பி? நம்பர் நான் தர்றேன்."

"போடறேண்ணா"ன்னேன். நம்பரை வாங்கி பாக்கெட்ல வச்சேன். அவ்வளவுதான் நான் செஞ்சது.

இன்னிக்கு மதியம் அவர் வீட்டுப் பந்தல்ல வின்சென்ட் நின்னுக்கிட்டிருந்தான். தலை பாதி வழுக்கை. அவனுக்கும் அண்ணன் வாரா வாரம் போன் பண்ணி இதையேதான் கேட்டுக்கிட்டு இருந்திருக்கார்... எனக்குத் தெரியவே தெரியாது.

ரவி எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வந்து நின்னுக்கிட்டான். சாவு வீட்டுல சண்டை போட்டுடுவோம்னு பயந்தானோ என்னவோ.

அண்ணி எங்களைப் பார்த்தாங்க. "மூணு பேரும் ஒன்னா வந்து நிக்கிறீங்களேப்பா... இதப் பாக்காம போயிட்டாரே"ன்னு அழுதாங்க.

அதுக்கு மேல எனக்குத் தாங்கலை. வின்சென்ட் கையைப் பிடிச்சேன். "அன்னிக்கு நான் எறங்கிப் போனது தப்புடா."

"இத சொல்றதுக்குப் பதினெட்டு வருசமாடா உனக்கு"ன்னான். ஆனா கையை விடலை. "டிரம்ஸ் இன்னும் வச்சிக்கினு இருக்கியா?"ன்னு கேட்டான்.

பரண்ல இருக்கு. தோல் கிழிஞ்சிருக்கும், மாத்திக்கலாம்.

அண்ணிகிட்ட தயங்கித் தயங்கித்தான் கேட்டோம். "வாசிங்கப்பா... நல்லா சத்தமாவே வாசிங்க"ன்னாங்க.

அதனால... பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு, படம் திறந்ததும், சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவர் வீட்டு வாசல்ல லூப்லைன் வாசிக்குது. மூணு பேரும். வர முடிஞ்சவங்க வாங்க.

ஞாயித்துக்கிழமை ரவி வீட்டு மாடியில பிராக்டிஸ். பாட்டு பாதி மறந்துபோச்சு, கை ஓடுமான்னும் தெரியலை. யாராவது சினிமா பாட்டு கேட்டா அதையும் வாசிப்பேன். முடியற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்.

கன்னியப்பண்ணா... வர்றதுக்கு லேட்டாயிடுச்சு, மன்னிச்சிடுங்க. நல்லபடியா போயிட்டு வாங்கண்ணா.