கீழ் வரிசையில் ஒரு நாற்காலி

அக்காவுக்குப் புதுச்சேரியில் பட்டமளிப்பு விழா. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கும் முதல் ஆள். எங்கள் ஊர் பூவத்தில் பேருந்து நிற்கும் இடத்தில் பிளக்ஸ் வைக்காவிட்டால் ஊர் நம்பாது என்று சித்தப்பா முடிவுகட்டிவிட்டார்.

அக்காவோடு போக வேண்டியவர் அப்பா. போன வாரம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அனுப்பிவிட்டார்கள் என்றால் குணமாகிவிட்டது என்றுதான் ஆறு வயதில் எனக்கு அர்த்தம். ஆனால் அவரால் வாசல்வரைகூட நடக்க முடியவில்லை. அக்கா தோழிகளோடு விடியற்காலையில் அழுதுகொண்டே கிளம்பினாள்.

காரைக்காலிலிருந்து பிளக்ஸ் வந்தது. எங்கள் பக்கத்து பிளக்ஸில் யாருக்கு எந்த இடம் என்பதில் குழப்பமே கிடையாது. நடுவில் விழா நாயகி, கீழ் வரிசையில் வாழ்த்தும் உறவுகள், மேலே மூலையில் காலமான பெரியவர்கள், பக்கத்தில் ஒரு விளக்கு. கடைக்காரர் யாரோ சொன்ன பேச்சை நம்பி, அப்பாவைத் தாத்தாவுக்குப் பக்கத்தில் ஏற்றிவிட்டார். விளக்கும் எரிந்தது.

பிளக்ஸில் எல்லாரையும்விட அப்பாதான் உயரத்தில். ஓடிப்போய் அவரிடமே பெருமையாகச் சொன்னேன். அம்மா அரிவாளை எடுத்துக்கொண்டு பிளக்ஸைக் கிழிக்கக் கிளம்பினாள்.

“கிழிக்காத. புள்ள பஸ்ஸ விட்டு எறங்கறப்ப பாக்கணும்ல,” என்றார் அப்பா. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, “கீழ் வரிசையில எடம் இருக்குல்ல. அங்க நான் உக்காந்துக்குறேன்,” என்றார். சித்தப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

ஆட்டோவில் கூட்டிப்போய், பிளக்ஸுக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். சலவைச் சட்டை அவர்மேல் தொளதொளவென்று கிடந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் படத்தைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், அவசரமாக நலம் விசாரித்தார்கள். “மேலதாம்ப்பா நீங்க நல்லாருக்கீங்க,” என்றேன். சிரிக்கப்போய் அவருக்கு இருமல் வந்துவிட்டது.

சாயங்காலம் பேருந்து வந்தது. அக்காவின் கண்ணில் முதலில் பட்டது மேல் வரிசைதான். படியிலேயே நின்றுவிட்டாள். நடத்துநர் சத்தம் போட்டார். அப்பா கையை உயர்த்தி, “இங்க இருக்கேம்மா,” என்றார். பட்டுப் புடவையோடு புழுதியில் உட்கார்ந்து அவர் மடியில் முகம் புதைத்துக்கொண்டாள். நல்ல நாளில் இவள் ஏன் அழுகிறாள் என்று எனக்குக் கோபமாக வந்தது.

அடுத்த மாதம் அப்பா போய்விட்டார். அதே இடத்தில் வேறு பிளக்ஸ் கட்டினார்கள். அதே படம், இந்தத் தடவை பெரிதாக, தனியாக. கடைக்காரர் புதுப் படம் கேட்கவில்லை.

வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருந்தபோது நான் அந்த நாற்காலியை ரோட்டோரமாக இழுத்துக்கொண்டுபோய் பிளக்ஸுக்கு அடியில் போட்டேன். கீழேதான் இடம் இருக்கிறதே, அப்பா வந்து உட்கார்ந்துகொள்வார் என்று இருட்டும்வரை பக்கத்திலேயே நின்றேன்.